ஓட்டைக் காலணாவை நான் ரிஜெக்ட் செய்தது

நிவேதா, நீ ஓசூருக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ திறந்துகூடப் பார்க்கமாட்டாய் என்பதால் உன் அம்மாவின் வீடியோ பக்கத்திலேயே இதைப் போடுகிறேன். அவளைச் ‘சில்லறை அக்கா’ என்று கூப்பிடுகிற அத்தனை பேரும் படிப்பார்கள். படிக்கட்டும், நீ கேட்டதும் அதைத்தானே. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில்லறை அக்கா உயிரோடு இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை சமையலறையில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். சனிக்கிழமை காலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வந்த வீடியோக்களில் நீங்கள் கேட்டது அவள் குரல்தான். ஆனால் கீழே பதில் எழுதியது அவள் இல்லை, அவள் வீட்டுக்காரன் நான். ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். நாணயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இந்தப் பக்கம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் சூப்பர் மார்க்கெட்டில் அம்மா பில் போடும் கவுன்ட்டரில் இருந்தபோது, கல்லாவுக்கு வருகிற காசுகளில் வித்தியாசமான ஒன்றைப் பார்த்தால் தன் பர்ஸிலிருந்து அதே மதிப்புக்குப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வாள். வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் காசை அச்சடித்தது ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா என்று நீ எட்டாவது படிக்கும்போதே உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீதான் அவளுக்குப் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாய். அடுப்பு மேடையில் ஒரு காசு, அவளுடைய இரண்டு விரல், அவள் குரல், ஒரு நிமிஷம், அவ்வளவுதான் வீடியோ. முகம் காட்டியதே இல்லை. “மூஞ்சிய காட்டுனா என்னிய பாப்பாங்க, காச பாக்கமாட்டாங்க” என்றாள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள்தான் முதலில் சேர்ந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்ப்பார்களாம். பாதி பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அக்கா, இது எவ்ளோக்கு போவும்?” அம்மா யாருக்கும் விலை சொன்னதில்லை. “அது ஒனக்கு எங்க கெடச்சுதுபா?” என்று திருப்பிக் கேட்பாள். அவ்வளவுதான், அவன் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவான். விலை கேட்டு வந்தவன் ஒரு மாதம் கழித்து டப்பா வாங்கி வருஷவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பான்.

எனக்கு அப்போதே எரிச்சல். இவ்வளவு மெனக்கெட்டும் சில ஆயிரம் பேர்தானா என்று. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி டூல் ரூமில் கெஞ்சிக் கூத்தாடி, போன் நிற்பதற்கு அலுமினியத்தில் ஒரு ஸ்டாண்டு செய்து எடுத்து வந்தேன். உயரம் மாற்றலாம், கோணம் மாற்றலாம், காசு நகராமல் இருக்கக் கீழே வட்டமாக ஒரு குழி. அம்மா இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உன் டிபன் பாக்ஸின் மேலேயே போனைச் சாய்த்து வைத்தாள். “இன்னாயா இது, ஆஸ்பத்திரில படுக்க வெச்ச மாதிரி கீது காசு” என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதோடு விட்டேனா? அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு வீடியோவின் முகப்புப் படத்தை மாற்றினேன். சிவப்பு எழுத்தில் ‘இந்த ஒரு ரூபாய் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று போட்டேன். சாயங்காலத்துக்குள் அதுவரை வராத கூட்டம் வந்தது. அம்மா பார்த்தாள், அழித்தாள், என் எதிரே வந்து நின்றாள்.

“லச்சம்னு பாத்துட்டு வர்றவன் நாளிக்கி இருப்பானா?”

“வந்தா போதாதா? அப்பறம் நீ புடிச்சி வெச்சிக்கோ.”

“பொய்ய சொல்லி கூப்ட்டு ஒக்கார வெச்சி இன்னாத்த பேசறது? நீயே சொல்லேன்.”

பதில் இல்லாதபோது நான் கோபப்படுவேன், அது உனக்குப் பழக்கம்தான். அன்றைக்கும் கோபப்பட்டுவிட்டுத்தான் நைட் ஷிப்டுக்குப் போனேன்.

அவள் போன பிறகு நீ பக்கத்தைத் திறக்கவில்லை. அது தானாக நின்றுபோயிருக்கும் என்று நினைத்திருக்கிறாய். காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் போனைச் சார்ஜ் போட்டேன். உள்ளே அறுபதுக்கு மேல் வீடியோ இருந்தது, போடாமல். லீவு நாளில் உட்கார்ந்து ஐந்து, ஆறு என்று எடுத்து வைப்பாளே, அதெல்லாம் சேர்ந்து கிடந்தது. முதலாவதைப் போட்டுப் பார்த்தேன். “நம்ம கையில இருக்கற இந்த அஞ்சு பைசா சதுரமா இருக்குது பாருங்க, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா” என்று பேசுகிறாள். நிவேதா, நான் அழவில்லை. ஸ்டாக் இருக்கிறது என்று நினைத்தேன். லைனில் மெட்டீரியல் வராத நாளில் பஃபர் ஸ்டாக் இருந்தால் எப்படி நிம்மதியாக இருக்குமோ அப்படி ஒரு நிம்மதி வந்தது. எக்செல் ஷீட் திறந்து அறுபதுக்கும் வரிசை எண் போட்டு, தேதி போட்டு, எது எந்தக் கிழமை வரவேண்டும் என்று பக்கத்திலேயே ஷெட்யூல் செய்துவிட்டேன். அன்று ஏழு மணி நேரம் தூங்கினேன். அவள் விழுந்ததிலிருந்து அப்படித் தூங்கியதே இல்லை.

ஆனால் வீடியோ போட்டால் கேள்வி வருமே. அதற்கும் ஒரு ஷீட். பன்னிரண்டு பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன், கேள்வியைப் பார்த்து நம்பரை எடுத்து ஒட்டுவதற்கு. ‘மிக்க நன்றி தம்பி’ ஒன்றாம் நம்பர். ‘விலை சொல்வதில்லை, மன்னிக்கவும்’ நாலாம் நம்பர். நாலாம் நம்பரைத்தான் அதிகம் ஒட்டினேன். விலை கேட்டவனிடம் எங்கே கிடைத்தது என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று தெரியும். கேட்டால் அவன் பதில் எழுதுவான், அதற்கு நான் மறுபடி எழுதவேண்டும், அவளைப் போலவே எழுதவேண்டும். என்னால் முடியவில்லை. மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்தது. ஒருவன் தேய்ந்த இரண்டு ரூபாயைப் படம் பிடித்து “கோடி வருமா அக்கா” என்று கேட்பான். இன்னொருவன் கேட்டதையே ஒன்பது வீடியோவுக்குக் கீழும் கேட்பான். ஒருத்தி “அக்கா ஏன் முன்ன மாதிரி பேசறதில்ல, கோவமா?” என்று எழுதினாள். அதற்கு என்னிடம் நம்பர் இல்லை. ஒரு இதயப் படம் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் முத்துராஜ் அவனுடைய காசை அனுப்பினான். தென்காசிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, ஐந்து பேரோடு ஒரே ரூமில் தங்கியிருக்கிறான். அம்மா இருந்தபோதே எல்லா வீடியோவுக்கும் முதல் ஆளாக வந்து ‘வணக்கம் அக்கா’ போடுவான். ஊரில் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அரைஞாண் கயிற்றில் கட்டுவதற்காக வீட்டில் வைத்திருந்த ஓட்டைக் காலணா, நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காலத்துச் செப்புக்காசு, அதைப் பற்றி அக்கா ஒரு வீடியோ பேசவேண்டும், பெயர் வைக்கும் அன்று எல்லோருக்கும் போட்டுக் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தான். மாத்திரைக் கவரில் போட்டு எங்கள் கம்பெனி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். முன்பும் பையன்கள் அப்படித்தான் அம்மாவுக்குக் காசு அனுப்புவார்கள், அவள் பார்த்து, பேசி, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவாள்.

அவள் இல்லாமல் நான் எப்படிப் பேசுவது? முடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாமல், மறுநாள் அந்தக் காசை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளவு பார்க்கும் அறையில் அதைத் திரை எந்திரத்தில் வைத்தேன். பொருளின் நிழலை இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் எந்திரம் அது, நீ ஒரு தடவை கம்பெனி குடும்ப விழாவில் பார்த்திருக்கிறாய். ஓட்டை வட்டமாக இல்லை, ஒரு பக்கமாக நீண்டிருந்தது. நடு மையத்திலும் இல்லை. ஓட்டைக்கு மேலே விளிம்பில் ஒரு பள்ளம். எடை குறைவு, விட்டமும் குறைவு. இணையத்தில் பார்த்த அளவை ஒரு பக்கம் எழுதி, இதை ஒரு பக்கம் எழுதினேன். ஐந்து அளவில் ஐந்தும் டாலரன்ஸுக்கு, அதாவது அனுமதித்த வித்தியாசத்துக்கு, வெளியே. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை பீஸை இப்படிப் பார்க்கிறேன், கை தானாகக் கழிக்கிற பீஸில் மாட்டும் சிவப்பு ரிஜெக்ட் டேக்கை எடுத்தது. கவருக்குள் காசோடு அதையும் போட்டுத் திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் அம்மா பெயரில் எழுதினேன்: ‘முத்துராஜ் தம்பி அனுப்பியது போலி. ஓட்டை ஓவல், டாலரன்ஸுக்கு வெளியே. யாரும் ஏமாற வேண்டாம்.’

அதற்குக் கீழே வந்ததை நீ பார்த்திருக்கிறாய். ‘வாஷரை அனுப்பிட்டாம்பா.’ ‘தம்பி, போல்ட்டையும் சேர்த்து அனுப்பு, அக்கா டைட் பண்ணித் தருவாங்க.’ ஆறு மாதத்தில் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரிப்புப் படம் போட்டேன். அவள் பெயரில்.

பிறகு உன் போன் வந்தது. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் “இந்த அக்கா சூப்பரா பேசுவாங்க, கேளேன்” என்று உன் காதில் ஹெட்போனை வைத்திருக்கிறாள். உள்ளே அம்மா குரல். அந்தப் பெண்ணிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை என்றாய். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாய், முத்துராஜுக்கு நான் எழுதியது வரைக்கும்.

“அப்பா, அம்மா என்னிக்குப்பா டாலரன்ஸ்னு பேசுச்சு?”

“அளந்து பாத்துட்டுதாம்மா போட்டேன்.”

“கவுத்துல தொங்குனா ஓட்ட ஒரு பக்கமா தேயாதா? எத்தினி கொழந்த இடுப்புல கெடந்துச்சோ! அம்மா இருந்தா அதத்தானே மொதல்ல கேட்டிருக்கும், எங்க கெடச்சுதுன்னு?”

எனக்கு அப்போதுதான் அந்தத் திரையில் இருந்த நிழல் புரிந்தது. விளிம்பில் இருந்த பள்ளம் முடிச்சு உட்கார்ந்த இடம். தேய்மானம் எது, தயாரிப்பில் வந்த குறை எது என்று பிரிக்கத் தெரிவதுதான் என் வேலையின் அரிச்சுவடி. புதிதாகச் சேர்கிற டிரெய்னிகளுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

“இவங்க யாருக்குமே தெரியாதா, அம்மா இல்லைன்னு?”

“சொன்னா பேஜ் செத்துடும்மா.”

“பேஜ் செத்துடுமா? அம்மா செத்துப்போச்சுப்பா!”

அதை இவ்வளவு நாளில் என் முன்னால் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட ‘போய்ட்டாங்க’, ‘இப்டி ஆயிடுச்சு’ என்றுதான் சொன்னார்கள். உண்மையை எழுதுகிற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். நீ ஊரை விட்டுப் போய்விட்டாய், இந்த வீட்டில் அந்தக் குரலும் இல்லாமல் நான் என்ன செய்வது என்று. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே, அம்மாவின் டப்பாவில் இருந்த மூன்று ஓட்டைக் காலணாவை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஓட்டை அச்சு அசலாக வட்டம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்துக்குப் போனேன்.

மாடியில் அவன் ரூம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “லேய் வாஷரு, ஒன்னயத் தேடி ஆள் வந்துருக்கு” என்று கத்தினான். முத்துராஜ் வெளியே வந்தான். சில்லறை அக்காவின் வீட்டுக்காரர் என்று சொன்னதும் பதறிப்போய்த் தலையணையைத் தட்டிப் போட்டு உட்காரவைத்தான். அந்தக் காசு எங்கே என்று கேட்டேன்.

“அத லைன்ல செம்பு பித்தள ஸ்கிராப் போடுத தொட்டில போட்டுட்டேம்ணே. அன்னைக்கே லாரி ஏறிப் போயிட்டு. போலின்னு ஆனபொறவு எதுக்கு?” என்று சிரித்தான். “எங்கம்மாதான் போன்ல பேசவே மாட்டேங்காவ. அப்போ ஒங்க அப்பா இடுப்புல கெடந்ததும் போலியால, ஒன் இடுப்புல கெடந்ததும் போலியாலன்னு கேக்காவ. அக்கா சொன்னா சரியாத்தாம் இருக்கும்னு சொல்லிட்டேன்.”

நான் கொண்டுபோனதை அவன் கையில் வைத்தேன். இது நல்ல காசு, குழந்தைக்குக் கட்டு என்றேன். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு என்னிடமே கொடுத்துவிட்டான். “ஓட்ட புதுசா இருக்குண்ணே. இது எந்தப் புள்ள இடுப்புலயும் கெடந்ததில்லல்லா. அக்காகிட்டயே இருக்கட்டும்.”

அப்போது சொல்லியிருக்கவேண்டும். அதற்காகத்தான் போனேன். அவன் டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, “அக்கா நல்லா இருக்காவளா?” என்று கேட்டான்.

“நல்லா இருக்காங்க” என்றேன்.

நிவேதா, அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பைக்கில் ஏறிச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் எதற்கென்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து ஷெட்யூலை எல்லாம் நிறுத்தினேன். இன்னும் வெளிவராமல் ஆறு வீடியோ இருக்கிறது. பென்டிரைவில் போட்டு உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், அவள் போனிலிருந்த மற்றதையும் சேர்த்து. போடுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய். எனக்கு அந்த விஷயத்தில் இனி புத்தி வேலை செய்யாது.

உனக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லும் தகுதி எனக்கு இப்போது கொஞ்சம் குறைவு. நீயும் ஓசூரில் இன்ஸ்பெக்‌ஷனில்தான் உட்கார்ந்திருக்கிறாய். எட்டு மணி நேரம் சரி, தவறு என்று பிரித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கை வெளியே வந்த பிறகும் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் டேக் தேடும். உன் ஓவியத்தில் யானையின் கால் நீளம் சரியில்லை என்று ஆறாம் வகுப்பில் நான் ஸ்கேலை வைத்துக் காட்டினேனே, நீ அதற்குப் பிறகு வரைவதையே விட்டுவிட்டாய். அன்றைக்கு அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பழக்கத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா. தெரியாததைத் தெரியாது என்று எழுது. இன்னொன்று, துக்கத்துக்கு ஷெட்யூல் போடாதே. போட்டால் அது ஒழுங்காக ஓடுவதுபோலத்தான் இருக்கும். ஆறு மாதம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இனி எல்லோருக்கும். முத்துராஜ் அனுப்பிய ஓட்டைக் காலணா நிஜமானது. அதன் ஓட்டை தேய்ந்திருந்தது அவன் வீட்டுக் குழந்தைகளின் இடுப்பில். அதைப் போலி என்று எழுதியது நான், சில்லறை அக்கா அல்ல. அவள் தன் கையால் எழுதிய பதில் எதிலும் ஒருவனையும் கேலி செய்ததில்லை. அவனை வாஷர் என்று கூப்பிட்டவர்கள் இனி என்னை அப்படிக் கூப்பிடலாம். முத்துராஜின் அம்மா இதைப் படிப்பார்களா என்று தெரியாது. யாராவது படித்துக் காட்டுங்கள். அந்தக் காசை என்னால் திருப்பித் தர முடியாது. எந்த உலையில் உருகியிருக்கிறதோ.

இதைப் பதிவிட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன். வருகிற கேள்விக்கெல்லாம் என் பெயரைப் போட்டு நானே பதில் எழுதுவேன். என்னைத் திட்டுகிறவர்களுக்கும் எழுதுவேன். யாராவது அம்மாவைத் திட்டினால் மட்டும் நீ வந்து பதில் சொல்லு, நிவி. அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

— அப்பா